நாலாவது ரெக்கார்டிங்குக்குச் சிவப்புச் சீட்டு

1

“…அதுக்கு மேல நீ கேக்கவே இல்ல, அதான விசயம்? ஒத்தத் தட்டல் கேட்டுச்சு, ஹெட்போனைக் கழட்டிட்ட, செவப்பு ஒட்டிட்ட. பதினோரு வருசம் என் பக்கத்துல உக்காந்து நீ கத்துக்கிட்டது இவ்ளோதானா சண்முகம்?”

கேட்டது முனிரத்தினம், ஓசூரிலிருந்து, போனில். போன ஞாயிற்றுக்கிழமை. அங்கே மத்தியானம் மூன்று மணி, இங்கே காலை பதினொன்றரை.

அவன் அடுத்து என்ன செய்தான் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போகச் சொன்னால் ஊரைச் சுற்றிவிட்டு வருகிற ஆள் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒட்டிய அந்தச் சிவப்புச் சீட்டில் என் மகளின் அடுத்த நாலு வருடப் படிப்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டும்போது எனக்கு அது தெரியாது.

ஓசூரை விட்டு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் ஆகிறது. மனைவி ஜெயா கல்லாவி ஊர்க்காரி, நர்ஸ். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் எட்டு வயது நிவேதாவும் வந்து சேர்ந்தோம். குறையொன்றும் சொல்ல மாட்டேன். பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது. கீழ்வீட்டு அம்மாள் எங்கள் ரசத்துக்கு ரசிகை. பம்ப் கம்பெனியில் எனக்கு அசெம்ப்ளி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஆறு தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த ஜன்னலைச் சாத்திவிடுவேன். அது எனக்கும் முனிக்கும் உரிய நேரம்.

2

ஓசூரில் நான் பார்த்த வேலையை இங்கே யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. உங்களுக்குச் சொல்லிவிடலாம். கியர்பாக்ஸ் செய்கிற கம்பெனி. லைனின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நானும் முனியும். ஒவ்வொரு கியர்பாக்ஸும் உள்ளே வரும், மாட்டி ஓட்டுவார்கள், நாங்கள் ஹெட்போனில் அதன் சத்தத்தைக் கேட்போம். ஊளையிடுகிறதா, உறுமுகிறதா, கரகரக்கிறதா என்று பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சீட்டு ஒட்டுவோம். எல்லாம் ஒரே டிராயிங், ஒரே இரும்பு, ஒரே எண்ணெய். ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று பாடாது.

இரண்டு பேருக்கும் தனித்தனிச் சீட்டு. ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. எழுதி முடித்ததும் இரண்டையும் ஒரே நேரத்தில் மேசையில் வைப்போம். ஒத்துப்போனால் அடுத்தது. ஒத்துப்போகாவிட்டால் கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு. ‘டக்’ என்று தட்டல் கேட்டால் அதற்கு மேல் கேட்கவே கூடாது. உள்ளே பல் உடைந்திருந்தால் மெஷினே போய்விடும். ஹெட்போனைக் கழற்று, ஓட்டத்தை நிறுத்து, சிவப்பு ஒட்டு. அவ்வளவுதான்.

முனிரத்தினம் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவான். அவன் பேசாததையெல்லாம் சேர்த்து நான் பேசிவிடுவதால் கூண்டுக்குள் கணக்கு நேராகிவிடும்.

ஒரு நாள் அவன் பச்சை வைத்த பெட்டிக்கு நான் சிவப்பு வைத்தேன். தட்டல் கேட்டது என்றேன். கேட்டது, ஆனால் பெட்டி நல்ல பெட்டி என்றான். மறுபடி ஓட்டலாம் என்று அவன் சொல்ல, தட்டிய பெட்டியை ஓட்டக் கூடாது என்று நான் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விஷயம் சூப்பர்வைசர் வரை போய், பெட்டியைப் பிரித்தே பார்த்தார்கள். உள்ளே தங்கம் மாதிரி இருந்தது. வெளியே தள்ளுவண்டிக்காரன் கூண்டின் கதவில் இடித்திருக்கிறான், அவ்வளவுதான். டீ குடிக்கும்போது முனி கேலி செய்யவில்லை. இதை மட்டும் சொன்னான்: “ஒரு தட்டு தட்டுனா வெளியில இருந்து வருது. திருப்பித் திருப்பித் தட்டுனாத்தான் உள்ள கோளாறு. அதுக்குக் கொஞ்சம் காத்திருக்கோணும்.”

யாராவது நல்ல வார்த்தை சொன்னால் உடனே ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது என் பழக்கம். கேன்டீன் சரோஜாக்கா, சூப்பர்வைசர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லார் வார்த்தையும் அதில் இருக்கிறது. இதையும் எழுதினேன். எழுதியதோடு சரி.

3

இங்கே வந்த புதிதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தபோது, அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரில் என் தொழிலுக்கு ஒரு எண் தேடினார். ரொட்டி சுடுகிறவருக்கு எண் உண்டு, புகைபோக்கி சுத்தம் செய்கிறவருக்கு எண் உண்டு, கியர்பாக்ஸுக்குக் காது கொடுப்பவனுக்குக் கிடையாது. சர்டிபிகேட்டை அரசாங்க முத்திரை உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி வாங்கி வரச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் யோசித்துப் பார்த்து ‘ஒலிப் பொறியாளர்’ என்று எழுதிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஜெயா இன்று வரைக்கும் என்னை விடவில்லை.

மூன்றாவது வாரம் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். போய் நின்ற இடம் பக்கத்து நகரத்து இசை அரங்கம். மைக் வைக்கிற வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். நான் அதற்கு ஆள் இல்லை என்பது அங்கிருந்த பெரியவருக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போக அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. உள்ளே ஒத்திகை நடக்கிறது, கடைசி வரிசையில் உட்காரலாம் என்று கையால் காட்டினார்.

எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர், கையில் குச்சி. கொஞ்சம் வாசிப்பார்கள், நிறுத்துவார். ஏதோ சொல்வார். அதே இடத்தை மறுபடி வாசிப்பார்கள், மறுபடி நிறுத்துவார். எனக்கு எந்த ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்ன மாறியது என்று தெரிந்தது. இந்தத் தடவை அடியில் உறுமல் குறைந்தது, இந்தத் தடவை மேலே இருந்த கரகரப்பு போனது என்று எனக்குள் சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன். ஆறாவதோ ஏழாவதோ தடவை அவர் குச்சியைக் கீழே வைத்துத் தலையாட்டியபோது, நான் மனசுக்குள் பச்சை ஒட்டி முடித்திருந்தேன். அன்று இந்த நாட்டில் எனக்கு முதல் தடவையாக ஏதோ ஒன்று முழுசாகப் புரிந்தது.

பஸ்ஸை விட்டுவிட்டேன். நடந்து வந்ததில் சட்டை கசங்கியது. வேலை எங்கே என்று ஜெயா கேட்டாள். கிடைக்கவில்லை, நன்றாக இருந்தது என்றேன்.

4

அது ஒரு சிம்பொனி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் பாடம் எடுக்க வந்துவிடுவார்கள், பேச்சு என் கையை விட்டுப் போய்விடும். பழைய சாமான் கடையில் அதே சிம்பொனி சிடி ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொரு கடையில் இன்னொன்று. வாங்கியதையே மறுபடி வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். வேறாக இருந்தது. ஒரே எழுத்து, ஒரே வாத்தியங்கள், குச்சி பிடித்தவர் மட்டும் வேறு. சரோஜாக்கா ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது: “சாம்பார் ஒன்னுதான் தம்பி, கரண்டி புடிக்கிற கை வேற.”

முனிக்குச் சொன்னேன். அனுப்பு, கேட்கலாம் என்றான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூண்டு ஆரம்பித்தது. யார் நடத்தியது என்று சொல்லாமல் ஒரே பகுதியின் மூன்று நாலு ரெக்கார்டிங்குகளை ஏ, பி, சி என்று பெயர் போட்டு எங்கள் இருவருக்கும் அனுப்புவது நிவேதா. முனி ராயக்கோட்டை ரோட்டு வீட்டில் கேட்பான், நான் இங்கே கேட்பேன். இருவரும் சீட்டு எழுதி, சொன்ன நிமிடத்தில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது.

நாங்கள் அதிகம் கேட்டது இரண்டாம் பகுதியைத்தான். மெதுவாக நடக்கிற பகுதி. அடியில் பெரிய தந்திகள் அடியெடுத்து வைத்துக்கொண்டே வரும், எல்லாம் அடங்கும், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் ஓபோ தனியாக எழும். ஓபோ என்றால் நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி இதற்கும் உண்டு.

மூன்று பேருக்கு முனி பட்டப்பெயர் வைத்தான். ஒருவர் பழைய காலத்து ஆள், ரெக்கார்டிங்கிலேயே எண்ணெய் பொரிகிற சத்தம் இருக்கும். ஒவ்வொரு அடியையும் தரையில் பதித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அவர் பெரியய்யா. இன்னொருவர் அதே பகுதியை விறுவிறு என்று நடத்திக்கொண்டு போவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு இவர் துக்கத்தை நடந்தே தீர்க்கிற ஆள் என்று புரிந்தது. அவர் டவுன் பஸ். மூன்றாவது ஒரு பெண். பெரிய தந்திகளை அமுக்கிப் பிடித்து, நடுவில் இருக்கிற சின்னக் குரல்களையெல்லாம் கேட்க வைப்பார். ஓபோவுக்கு முந்தின அந்த இடைவெளியை அவர் நீட்டுகிற மாதிரி யாரும் நீட்டியதில்லை. முனி சீட்டில் இப்படி எழுதியிருந்தான்: “டீச்சரம்மா கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்குது. பச்சை.” எனக்கும் பச்சைதான். பெரியய்யாவுக்கு நான் பச்சை, அவன் மஞ்சள். டவுன் பஸ்ஸுக்கு இருவரும் மஞ்சள் வைத்து, நாலு மாதம் கழித்துத் திருத்திப் பச்சை ஆக்கினோம்.

இப்படி வருடக்கணக்காக நடக்கிறது. உலகத்தில் பெரிய பெரிய விமர்சகர்கள் இருக்கலாம். தட்டல், உறுமல், ஊளை என்று மூன்றே வார்த்தையை வைத்துக்கொண்டு சிம்பொனி பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

5

நிவேதாவுக்குப் பதினேழு. எங்களிடம் தமிழில் ஆரம்பிப்பாள், பாதியில் ஜெர்மனுக்குப் போவாள், கோபம் வந்தால் அங்கேயே இருந்துகொள்வாள். சாம்பாரை ஒதுக்குவாள், ஊறுகாயை விடமாட்டாள். ஊர்ப்பெயர்களில் பேரிகை மட்டும் அவளுக்குச் சரியாக வரும், முனி மாமாவின் ஊர் என்பதால்.

பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஓபோவை அவள் கீழே வைக்கவே இல்லை. பக்கத்து நகரத்துப் பிள்ளைகள் இசைக்குழுவில் வாசிக்கிறாள். குளிர்காலக் கச்சேரிக்கு நான் போகவில்லை, ஷிஃப்ட் இருந்தது. போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். ஒரு தடவை அவள் வீட்டில் வாசித்து முடித்ததும் விரலால் அழுத்துகிற ஒரு சாவி லேசாக ஒட்டுகிறது, எண்ணெய் போடு என்றேன். அவள் அம்மாவிடம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள்: அப்பா பாட்டு கேட்பதில்லை, கோளாறு கேட்கிறார். ஜெயா அதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நல்ல வார்த்தை என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பாருங்கள் என் புத்தியை.

இந்த வருடம் அவள் முடிவெடுக்க வேண்டிய வருடம். எங்கள் பம்ப் கம்பெனியில் தொழிற்பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் போர்மேனிடம் பேசி வைத்திருந்தேன், அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அவளோ இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்மேன் எவ்வளவு நல்லவர் என்று அரை மணி நேரம் பேசினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் தாய்க்கு ஒரு கட்டம், தந்தைக்கு ஒரு கட்டம். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஜெயாவின் கட்டம் நிறைந்திருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

6

ஞாயிற்றுக்கிழமை நாலு ரெக்கார்டிங் அனுப்பியிருந்தாள். இரண்டாம் பகுதி. பெரியய்யா, டவுன் பஸ், டீச்சரம்மா மூவரையும் ஓபோ வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். நாலாவது புதுசு. அடித் தந்திகள் கொஞ்சம் தடுமாறி வந்தன, ஆனால் வேகம் எனக்குப் பிடித்த வேகம். எல்லாம் அடங்கியது. இடைவெளி வந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு ‘டக்’.

என் கை என்னைக் கேட்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம். ஹெட்போன் கழுத்தில் இருந்தது, ஓட்டத்தை நிறுத்தியாயிற்று. சீட்டில் எழுதினேன்: ‘டி — சிவப்பு. தட்டல். மேற்கொண்டு கேட்கத் தேவையில்லை.’ போட்டோ எடுத்து அனுப்பினேன்.

நிவேதா எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் போட்டோக்கள் வந்ததும் யார் யார் என்று அவள்தான் உடைத்துச் சொல்வாள். அன்று தன் போனைப் பார்த்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தமே வராமல் சாத்தினாள்.

சமையலறையில் ஜெயா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள். நாலாவது, குளிர்காலக் கச்சேரியில் பிள்ளைகள் வாசித்தது. அந்த ஓபோ நிவேதா. அந்த ‘டக்’ அவள் முழங்கால். வாசிக்க நிமிரும்போது நோட்டு வைக்கிற ஸ்டாண்டில் இடித்துக்கொண்டாள். அதையும் தாண்டி அவள் வாசித்ததைத்தான் எனக்குக் கேட்க வைக்க நினைத்தாள். யார் என்று தெரியாமல் அப்பா பச்சை ஒட்டினால் விண்ணப்பத்தை என் முன்னால் வைப்பது, ஒட்டாவிட்டால் பம்ப் கம்பெனி. அம்மாவிடம் சொல்லி, அதை மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள்.

“இப்பப் போயிப் பச்சைன்னு சொல்லிடாதீங்க,” என்றாள் ஜெயா. “தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒட்டறது அவளுக்குப் பிச்சை போடற மாதிரி.”

உண்மைதான். எங்கள் கூண்டின் விதியே அது. பார்த்துவிட்டு எழுதிய சீட்டு சீட்டே இல்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல சீட்டைச் சிவப்பாக்கிவிட்டேன். அதுவும் அவள் வாசிப்பைக் கேட்டு அல்ல. அவள் வாய் வைப்பதற்கு முன்பே.

அப்போதுதான் போனில் முனியின் சீட்டு வந்து கிடப்பதைப் பார்த்தேன். என்னுடையது போன அதே நிமிடத்தில் வந்திருந்தது. நாலாவதுக்குப் பச்சை. பக்கத்தில், எப்போதும் ஒரு வரிக்கு மேல் எழுதாதவன், மூன்று வரி எழுதியிருந்தான்: “முதல் மூணுல ஊதறவரு குச்சிக்காரரைப் பாத்துக்கினு ஊதறாரு. இதுல குச்சிக்காரரு ஊதறவரைப் பாத்துக்கினு நிக்கறாரு. யாரு இது?”

7

வெள்ளிக்கிழமைக்கு முன்பே, செவ்வாயன்றே, என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன், நிவேதா வரி வரியாக அர்த்தம் சொன்னாள். கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். போர்மேன் கோபித்துக்கொள்ளவில்லை, அவளுடைய அடுத்த கச்சேரிக்குத் தனக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றார். அதெல்லாம் பிறகு நடந்தது. எங்கே திரும்பியது என்று கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைதான்.

முனியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நாலாவது யார் என்பதையும் சொன்னேன். நான் எதுவரை கேட்டேன் என்று மட்டும் விசாரித்தான். தட்டல் வரை என்றேன். அப்போதுதான் இந்தக் குறிப்பின் தலையில் எழுதியிருக்கிற வார்த்தைகளைச் சொன்னான். தள்ளுவண்டி இடித்த கதையைச் சொல்லிக் காட்டவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு போனை வைத்துவிட்டான்.

அறைக்குள் நிவேதாவின் போன் அடித்தது. மூன்று தடவை அடித்தபின் எடுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். “சொல்லுங்க மாமா” என்றாள். அவன் தன் சீட்டைப் படித்துக் காட்டுகிறான் என்று நினைத்தேன். “ஆமா மாமா, முட்டி,” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை. “இப்பவா?” என்றாள். அப்புறம் பெட்டி திறக்கிற சத்தம், ஓபோவை ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கிற சத்தம்.

கதவு திறந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றாள். போனுக்குள்ளிருந்து முனியின் குரல் வந்தது: “கதவைத் தெறந்துட்டியா? உங்கப்பன் அங்கதான் நிப்பான். கண்ணை மூடிக்கிட்டு நிக்கச் சொல்லு. ஹெட்போன் இல்லாததால கழட்ட முடியாது.”

நான் கண்ணை மூடினேன். அவள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

“இரு இரு,” என்றான் முனி.

ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அவன் எழுந்து போனான். ஒரு ஜன்னல் சாத்துகிற சத்தம். இன்னொன்று. டிவி நின்றது. அவன் மனைவி உள்ளேயிருந்து ஏதோ கேட்க, தெலுங்கில் ஒரே வார்த்தை சொல்லி அடக்கினான். தெருக்கதவைச் சாத்தினான். சீட்டு ஒத்துப்போகாத பெட்டியை மறுபடி ஓட்டுவதற்குக் கூண்டில் போடுவோமே, அப்படித் தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பி நடந்து வந்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான், உட்கார்ந்தான்.